பருத்தித்துறை வழியாகக் கொட்டாஞ்சேனைக்கு

பக்தியைக் கிலோமீற்றரில் அளக்கலாம் என்று உலகத்துக்கு முதன்முதலில் எடுத்துக்காட்டிய நகரம் கொழும்பு. கொழும்பிலும் வெள்ளவத்தை. வெள்ளவத்தையிலும், சந்தைக்குப் பின்னால் உள்ள ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கேதான் 'அகில கொழும்பு வெளியூர் ஆட்ட ரசிகர் பேரவை' தோன்றியது. படியேறி வந்து எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, "தூரத்திலையிருந்து வந்த ஆளுக்கு முதல் குடுங்கோ" என்று யாரோ சொன்னார்கள். அவர் சொன்னது தண்ணீர்ப் போத்தலைப் பற்றி. ஆனால் அது பேரவையின் அடிப்படைக் கொள்கையாகப் பதிவாகிவிட்டது. பதிந்தவன் நான். பெயர் சிவமணி. அன்று தொடக்கம் இன்றுவரை நான்தான் பொதுச் செயலாளர். இந்தப் பதவிக்கு வேறு யாரும் ஆசைப்படவில்லை என்பதை என் மீதுள்ள நம்பிக்கையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பேரவை ஆதரிக்கும் அணி, கொட்டாஞ்சேனை 'விடிவெள்ளி' விளையாட்டுக் கழகத்தின் உதைபந்தாட்ட அணி. துறைமுகப் பக்கத்துச் சரக்குக் கிட்டங்கிகளின் பின்சுவர்களுக்கு நடுவே அதற்கு ஒரு மைதானம் இருந்தது. 'கிட்டங்கித் திடல்' என்று பெயர். புல் கொஞ்சம், மணல் நிறைய. பின்னேரமானால் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் அவ்வளவு பேரும் அங்கேதான் நிற்பார்கள். அந்தத் திடலில் நடந்த எந்த ஆட்டத்தையும் பேரவை பார்த்ததில்லை என்பதைப் பெருமையோடு குறிப்பிட விரும்புகிறேன். உள்ளூரில் ஆட்டம் பார்ப்பவன் வெறும் பார்வையாளன். வெளியூர் போய்ப் பார்ப்பவன் ரசிகன். வெளியூர் வரை போய், ஆட்டத்தைப் பார்க்காமலே திரும்புகிறவன் எங்கள் உறுப்பினன்.

இது வெறும் பேச்சில்லை. மாத்தறைக்குப் போனபோது, காவலாளி வாசலைப் பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தோம். பூட்டோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். எவ்வளவு கட்டுப்பாடு! மன்னாரில் முதற்பாதி முழுவதும் நண்டுக்கறிக்குக் காத்திருந்தோம். இரண்டாம் பாதி முழுவதும் அதைச் சாப்பிட்டோம். யார் வென்றார்கள் என்பதை மறுநாள் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். பேரவையின் சட்டப் புத்தகமான யாப்பு மைதான வாசல் வரைதான் போகச் சொல்கிறது. அதற்குப் பிறகு நடப்பது விளையாடுகிறவர்களின் சொந்த விவகாரம்.

அந்த விளையாடுகிறவர்கள் ஒருமுறை, எங்கள் ஏஸி பஸ்ஸில் வெற்றிருக்கைகள் இருந்தால் தாங்களும் ஏறிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். அவர்கள் சாதாரண பஸ்ஸில் நின்றுகொண்டே போய், இறங்கியதும் விளையாடுகிறவர்கள். கோரிக்கையை மிகுந்த அனுதாபத்தோடு பரிசீலித்து நிராகரித்தோம். அவர்கள் போவது கடமைக்காக. நாங்கள் போவது பக்திக்காக. இரண்டையும் ஒரே பஸ்ஸில் ஏற்றலாமா?

பதவிகளும் தூரப்படிதான். அதிக தூரம் போனவர் தலைவர், அடுத்தவர் உபதலைவர். குறைந்த தூரக்காரர்களுக்குக் கூட்டத்தில் பிளாஸ்ரிக் கதிரை; தூரமே இல்லாதவர்களுக்குச் சுவர். தலைவர் சண்முகலிங்கம், ஓய்வுபெற்ற நில அளவையாளர். மனைவி அன்னபாக்கியத்தோடு வெள்ளவத்தையில் இருக்கிறார். பேரவை கூடும் அந்த நாலாம் மாடி வீடு அவருடையதுதான். உபதலைவர் ஸாலிஹ் ஹாஜியார், இரும்புச் சாமான் வியாபாரி. அவருடைய வீடு கொட்டாஞ்சேனையில், கிட்டங்கித் திடலின் வாசலுக்கு நேர் எதிரே. பல்கனியில் நின்றால் இரண்டு கோல் கம்பங்களும் தெரியும். உயர அடித்த பந்து சில நாட்களில் அவருடைய மனைவி பஹ்மியா காயப்போட்ட உடுப்புகளுக்கு மேல் போய் விழும். இவ்வளவு பெரிய இடையூறு இருந்தும் ஹாஜியார் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. தன் அணியைப் பார்க்க அவருக்குக் குறைந்தது ஒரு மாகாணமாவது கடக்க வேண்டும்.

'வெளியூர்' என்றால் எது என்று தீர்மானிக்க ஓர் உபகுழுவும் வைத்திருந்தோம். நுகேகொடை வெளியூரா? வரைபடத்தைக் கேட்டால் இல்லை என்கிறது. பின்னேரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு நிற்பவரைக் கேட்டால் ஓம் என்கிறார். வத்தளைக்குக் களனிப் பாலத்தைக் கடக்க வேண்டியிருப்பதால் அதைக் 'கடல் கடந்த பயணம்' என்ற பிரிவில் போடவேண்டும் என்று உறுப்பினர் இராமர் உருக்கமாக வாதாடினார். அவருடைய மாமியார் வீடு வத்தளையில் என்பது பிறகு தெரியவந்தது. உபகுழு கலைக்கப்பட்டது.

இப்படியாகப் பேரவை தன் புகழின் உச்சியில் இருந்தபோது, ஒருநாள் கூட்டத்துக்கு றிகாஸ் வந்தான். விடிவெள்ளி அணியின் தலைவன், கோல் காப்பாளன். கொச்சிக்கடையில் ஒரு கிட்டங்கியில் வேலை. தூரம் இல்லாதவன் என்பதால் சுவரோடு நிறுத்தி வைத்தோம்.

"சேர், ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வந்த," என்றான். "எங்கட கிரவுண்ட எடுக்கப் போறாங்க. கொண்டெய்னர் நிப்பாட்டுற எடமா மாத்தப் போறாங்களாம்."

"ஆர் எடுக்கிறது?" என்றார் சண்முகலிங்கம்.

"நிலப் பயன்பாட்டு மீளாய்வுச் செயலகம் எண்டு ஒண்டு இரிக்கிதாம். ஃபைனல் அண்டைக்கி அவங்கட ஒஃபிசர் வாறார். ஊர் ஆக்கள் கிரவுண்டுக்கு வாறாங்களா எண்டு பாத்து எழுதுவாராம். கொழும்பு ஆக்கள் வந்து இரிந்தா கிரவுண்ட் எங்களுக்கு. இல்லாட்டி முடிஞ்ச."

"அங்கதான் பிள்ளைகள் நெறயப் பேர் நிக்கிறாங்களே," என்றார் ஹாஜியார்.

"பிள்ளைகள எண்ண மாட்டாங்களாம், ஹாஜியார். வோட்டு இரிக்கிற ஆக்கள் வேணுமாம். எங்கட வீட்டாக்களையும் எண்ண மாட்டாங்க, அது சொந்தக்காரராம். அதான் உங்கள்ட்ட வந்த. நீங்க பஸ் நெறய ஆக்கள் இரிக்கீங்க. கத்தவும் தேவல்ல, கொடி புடிக்கவும் தேவல்ல. வந்து நிண்டாப் போதும்."

நியாயமான பையன். அந்தத் திடலில்தான் அவன் நடக்கப் பழகினானாம். அவனுடைய வாப்பாவும் அங்கேதான் விளையாடினாராம். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கும் கண் கலங்கியது. உடனே ஒரு தீர்மானம் நிறைவேற்றத் தயாரானோம்.

"ஓம் தம்பி, கட்டாயம் வாறம்," என்றார் சண்முகலிங்கம். "ஃபைனல் எங்கை?"

"எங்கட கிரவுண்ட்லதான், சேர்."

மண்டபத்தில் செத்தவீட்டு அமைதி. மண்டபம் என்று நான் சொல்வது சண்முகலிங்கத்தின் வரவேற்பறையை.

"கொட்டாஞ்சேனையிலையோ?" என்றார் தலைவர், ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டவர் போல.

"ஓம் சேர். எங்கட கிரவுண்டக் காப்பாத்தத்தானே..."

"தம்பி, நீர் சின்னப் பிள்ளை. இஞ்சையிருந்து கொட்டாஞ்சேனை எவ்வளவு தூரம் எண்டு தெரியுமோ? ஒரு பஸ். ஒரேயொரு பஸ்! அதுக்கு ஒரு பேரவை தேவையோ?"

ஹாஜியாரின் நிலை இன்னும் பரிதாபம். "எனக்கு றோட்டக் கடக்கிற மட்டும்தான்," என்றார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "இவ்வளவு காலம் சேத்த மரியாதையெல்லாம் என்னாகும்?"

அப்போதுதான் இராமர் அந்தப் பயங்கரமான கேள்வியைக் கேட்டார். "எதிர் டீம் எந்த ஊர்?"

"பருத்தித்துறை," என்றான் றிகாஸ். "அவங்கட ஆக்கள் ரெண்டு பஸ்ல வாறாங்களாம்."

எங்கள் இரத்தம் கொதித்தது. பருத்தித்துறைக்காரர் நாட்டின் வட முனையிலிருந்து எங்கள் வாசலுக்கு வருவார்கள். நாங்கள் ரோட்டைக் கடந்து போய் அவர்கள் முன்னால் நிற்பதா? எங்கள் சொந்த மைதானத்திலேயே அவர்கள்தான் பெரிய ரசிகர்கள் என்று ஆகிவிடாதா? இந்த அவமானத்தோடு ஒப்பிட்டால், மைதானம் போவதெல்லாம் ஒரு விஷயமா? மைதானம் போனால் மண் போகும்; மானம் போனால்?

மானத்தைக் காப்பாற்றியது யாப்பு. அதை எழுதியவன் என்ற முறையில் நானே எழுந்து வாசித்தேன்: "உறுப்பினர் புறப்படும் இடத்திலிருந்து மைதான வாசல் வரையுள்ள தூரமே கணக்கில் கொள்ளப்படும்." புறப்படும் இடம் வீடாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. நான் வேண்டுமென்று விட்டதில்லை, மறந்துபோய் விட்டது. ஆனால் பெரிய சட்டங்கள் எல்லாம் அப்படித்தான் உருவாகின்றன.

சண்முகலிங்கத்தின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப சரி. நாங்களும் பருத்தித்துறையிலையிருந்து வெளிக்கிடுவம்."

கைதட்டல் ஓய நேரமெடுத்தது. தேத்தண்ணீர் கொண்டுவந்த அன்னபாக்கியம் மட்டும் தட்டத்தோடு நின்றுவிட்டார்.

"இஞ்சருங்கோ, கொட்டாஞ்சேனைக்குப் போறதுக்கு ஏனப்பா பருத்தித்துறைக்குப் போறியள்?"

"உமக்கு விளங்காது," என்றார் தலைவர்.

"ஓம், எனக்கு விளங்காதுதான்," என்று தட்டத்தை வைத்துவிட்டுப் போனார். அவருடைய தூரம் சமையலறை வரை மட்டுமே என்பதால் இந்தக் கருத்தைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

றிகாஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "நாலு மணிக்கு வந்திருவீங்க தானே, சேர்?"

"தம்பி, இந்தப் பேரவை எந்த ஆட்டத்துக்காவது பிந்தினதோ?"

ஒருவரும் பேசவில்லை. எல்லோருக்கும் மாத்தறைப் பூட்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அந்த மௌனத்தை 'ஏகமனதான சம்மதம்' என்று பதிந்துகொண்டேன்.

சனிக்கிழமை காலை வெள்ளவத்தையிலிருந்து பஸ் புறப்பட்டது. போகிற தூரம் கணக்கில் சேராது, ஏனென்றால் அது ஆட்டத்துக்கு எதிர்த் திசை. ஆகவே யாரும் ஜன்னலால்கூடப் பார்க்கவில்லை; நித்திரை கொண்டோம். பருத்தித்துறையில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கிவிட்டு, ஞாயிறு விடிய, கடலோரத்து வெளிச்ச வீட்டுப் பக்கம் தேத்தண்ணீர் குடிக்கப் போனோம்.

"எங்கை போறியள்?" என்று விசாரித்தார் கடைக்காரர்.

"கொழும்புக்கு."

"எங்கையிருந்து வந்தனீங்கள்?"

"கொழும்பிலையிருந்து."

"இஞ்சை என்ன அலுவல்?"

"ஒண்டுமில்லை. கொழும்புக்குப் போகத்தான் வந்தனாங்கள்."

கடைக்காரர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எல்லோருடைய கோப்பையிலும் இன்னொரு கரண்டி சீனி போட்டார். வடபகுதி மக்களின் இரக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். அன்று நேரில் கண்டேன்.

எதிரணி ரசிகர்களின் இரண்டு பஸ்களும் அந்த நேரமே எங்களைத் தாண்டிப் போய்விட்டன. நாங்களும் அப்போதே புறப்பட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் புறப்படுவது பஸ் நிலையத்திலிருந்து என்பதைச் சண்முகலிங்கம் கவனித்துவிட்டார். நில அளவையாளர் கண் அல்லவா? "நாங்கள் கரையிலையிருந்து வெளிக்கிட்டா அவையைவிடக் கொஞ்சம் கூடவரும்," என்றார். கரைக்குப் போனோம். கரையில் நின்றபோது, கடலுக்குள் இறங்கினால் இன்னும் கொஞ்சம் கூடவரும் என்று ஹாஜியார் கண்டுபிடித்தார். எல்லோரும் காற்சட்டையை மடித்துக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் நின்று பதாகையோடு படம் எடுத்தோம். இராமரின் செருப்பை அலை கொண்டுபோனது. அதைத் தேடியதில் வெயில் ஏறிவிட்டது.

வழியில் நடந்தவற்றை விரித்துச் சொல்லப் போவதில்லை. வவுனியாவில் பிந்திய காலைச் சாப்பாடு, அநுராதபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ரயர் காற்றுப் போனது, புத்தளத்தில் இறைச்சிக் கடை ஒன்றைப் பற்றி ஹாஜியார் சொன்ன நல்ல வார்த்தைகள், அந்த வார்த்தைகளை நாங்கள் சோதித்துப் பார்த்தது. எல்லாம் பயணம் சார்ந்த கடமைகள். வத்தளைக்கு வந்தபோது நாலு மணி தாண்டிவிட்டது. அங்கே வாகன நெரிசல். பஸ் நின்ற இடத்திலேயே நின்றது.

றிகாஸ் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எனக்குப் பலமுறை அழைத்திருந்தான். இடைவேளையில் மறுபடியும் அழைத்தான்.

"அண்ணன், எங்க நிக்கிறீங்க? ஒஃபிசர் வந்துட்டார். எங்கட பக்கத்துல ஒரு ஆள்தான் இரிக்கி. சண்முகலிங்கம் சேர்ட வைஃப்."

"அன்னபாக்கியமோ?" என்று சண்முகலிங்கம் என் கையிலிருந்து போனைப் பறித்தார். "அவ அங்கை என்ன செய்யிறா?"

றிகாஸ் போனை அவரிடம் கொடுத்திருக்க வேண்டும்; அன்னபாக்கியத்தின் குரல் எனக்கே கேட்டது. "உங்கட பிறஷர்க் குளிசையை விட்டுட்டுப் போட்டியள். எப்பிடியும் இஞ்சை வருவியள்தானே எண்டு கொண்டு வந்தனான். வெள்ளவத்தையில பஸ் ஏறினன், இஞ்சை இறங்கினன். நீங்கள் எங்கையப்பா?"

"வத்தளையில."

"உங்களுக்கு முன்னம் வந்த பருத்தித்துறை ஆக்கள் எல்லாரும் இஞ்சை இருந்து கத்துகினம். இந்தப் பெடியன் கோலுக்கை நிண்டும் வாசலை வாசலைத்தான் பாத்தவன். பாக்கவே பாவமாக் கிடக்கு. இறங்கி ஒரு ஓட்டோ பிடிச்செண்டாலும் வாங்கோவன்!"

இறங்கலாமா என்று பஸ்ஸுக்குள் அவசரக் கூட்டம் நடந்தது. இறங்கினால் புறப்பட்ட இடம் வத்தளை என்று ஆகிவிடும் என்றார் ஹாஜியார். பருத்தித்துறையிலிருந்து இழுத்து வந்த தூரம் முழுவதும் களனிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் அறுந்துபோகும். தன் மாமியார் வீட்டில் ஓட்டோ இருக்கிறது என்று இராமர் சொல்லிப் பார்த்தார். அவரை ஒழுங்குக்குக் கொண்டுவந்தோம். ஒருவரும் இறங்கவில்லை. பஸ்ஸுக்குள் அப்படியே உட்கார்ந்து தியாகம் செய்தோம்.

நாங்கள் திடல் வாசலில் போய் நிற்கவும், கடைசி விசில் ஊதவும் சரியாக இருந்தது. விடிவெள்ளி வென்றுவிட்டது! கடைசி நிமிடத்தில் ஒரு பெனல்டியை றிகாஸ் பாய்ந்து பிடித்தானாம். கைதட்டியது அன்னபாக்கியம் மட்டும்தான். குடையையும் ஆட்டினாராம்.

வாசலில் அந்த அலுவலர் ஜீப்பில் ஏற ஒரு காலை வைத்துவிட்டிருந்தார். கையுறையைக்கூடக் கழற்றாமல் திடலுக்குக் குறுக்கே ஓடிவந்தான் றிகாஸ். முகம் முழுக்க மணல். "சேர், போகாதீங்க! எங்கட ஆக்கள் வந்துட்டாங்க! பாருங்க, பஸ் நெறய!" என்று சிங்களத்தில் கத்தினான். அலுவலர் இறங்கினார். நல்ல மனிதர், மூடிய பேனாவை மறுபடி திறந்தார். ஃபைலை விரித்து ஜீப்பின் மூக்கில் வைத்தார்.

பேரவையின் வாழ்க்கையில் இப்படியொரு கணம் வந்ததில்லை. நாடு முழுவதும் எத்தனையோ வாசல்களில் நின்றிருக்கிறோம். ஓர் அரசாங்க உத்தியோகத்தர் பேனாவோடு நின்று, எங்கள் தூரத்தை விசாரித்து எழுதிக்கொள்ள வந்தது அதுதான் முதல் தடவை.

"கொஹே இந்தன்த ஆவே?" என்று கேட்டார். எங்கேயிருந்து வந்தீர்கள்?

தலைவர் சண்முகலிங்கம் சால்வையைச் சரிசெய்தார். நெஞ்சை நிமிர்த்தினார். "பேதுருதுடுவே இந்தலா!" என்றார். பருத்தித்துறையைச் சிங்களத்தில் சொன்னபோது தூரம் இன்னும் கொஞ்சம் கூடினது போல எங்களுக்கு இருந்தது.

அலுவலருக்குப் பின்னால் நின்ற றிகாஸ் இரண்டு கையுறைகளையும் ஆட்டி ஆட்டிச் சைகை காட்டினான். பெனல்டியைப் பிடித்த கைகள் அல்லவா, வாழ்த்துகிறான் என்று நினைத்து நாங்களும் பதிலுக்குக் கையாட்டினோம்.

"அடுத்த ஆள்?"

"பருத்தித்துறை," என்றார் இராமர், ஒற்றைச் செருப்போடு.

"அடுத்த ஆள்?"

"பருத்தித்துறை." இது நான். குரல் தழுதழுத்ததை மறைக்க மாட்டேன்.

இப்படியே வரிசை நகர்ந்தது. யாரும் ஓர் அங்குலம்கூடக் குறைத்துச் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் 'பருத்தித்துறைக் கடல்' என்று சொன்னார். கடைசியாக ஸாலிஹ் ஹாஜியார்.

"ஹாஜியார்!" என்று றிகாஸ் அலறினான். "நீங்க சரி உண்மையச் சொல்லுங்க, ஹாஜியார்! நீங்க இந்த ஊர்தானே! சேர், அந்த வீட்டப் பாருங்க, அது இவர்ட வீடு! காயுற சாரம் இவர்ட சாரம்!"

அலுவலர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே பல்கனியில் பஹ்மியா உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். கணவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வந்துட்டீங்களா? மேல வாங்களேன், பிளேன்டீ ஊத்தின, ஆறுது!" என்று கூப்பிட்டார்.

"அவர் யார்?" என்றார் அலுவலர்.

"என்ட மனிசி."

"அப்படியானால் நீங்கள் இங்கேதானே?"

ஹாஜியார் பல்கனியைப் பார்த்தார். திடலைப் பார்த்தார். பக்கத்தில் வரிசையாக நின்ற எங்களைப் பார்த்தார். எவ்வளவு பெரிய சோதனை! ஒரு சொல்லில் அத்தனை கிலோமீற்றரும் ரோட்டைக் கடக்கும் தூரமாகச் சுருங்கிப் போகும். ஆனால் இரும்பு வியாபாரி அல்லவா, வளையவில்லை.

"வீடு என்டதுதான்," என்றார். "ஆனா நான் வந்த பருத்தித்துறையில இருந்து."

அலுவலர் அதையும் எழுதினார். பேனாவை மூடினார். ஜீப் போய்விட்டது. றிகாஸ் வாசல் தூணில் சாய்ந்தபடி கீழே குந்தினான். கிண்ணம் வென்ற சந்தோஷத்தில் கால் சோர்ந்துவிட்டது என்று எண்ணி, அவனைத் தாண்டிப் பிளேன்டீ குடிக்கப் போனோம். அன்னபாக்கியம் மட்டும் அவன் பக்கத்தில் போய் நின்றார்.

அறிக்கை சில வாரங்களில் வந்தது. அதன் நேர்மையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. 'மேற்படி திடலைப் பயன்படுத்துவோர் அனைவரும் பருத்தித்துறையைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பயணச் சிரமத்தைக் கருத்திற்கொண்டு, பருத்தித்துறையில் ஒரு மைதானம் அமைப்பது பொருத்தமானது. கொழும்பில் வீடிருந்தும் பருத்தித்துறையிலிருந்து வருபவர்: ஒருவர். கொழும்புவாசிகள்: ஒருவர். அவரும் கணவரைத் தேடி வந்தவர்.'

அறிக்கை வந்த அன்றிரவு சண்முகலிங்கத்தின் வீட்டில் நடந்ததை, கீழ் மாடிக்காரர்கள் சொல்லித்தான் அறிந்தேன். "நான் ஒருத்தியெண்டாலும் வெள்ளவத்தை எண்டு சொன்னனான். உங்கட வாய்க்குள்ளை என்ன, கொழுக்கட்டையே கிடந்தது?" என்று அன்னபாக்கியம் கேட்டாராம். தலைவர் குளிசை கேட்டாராம். கிடைக்கவில்லையாம்.

இப்போது கிட்டங்கித் திடலில் கொண்டெய்னர்கள் நிற்கின்றன. ஒன்றின் மேல் ஒன்றாக, ஹாஜியாரின் பல்கனி உயரத்துக்கு. பஹ்மியாவின் உடுப்புகளில் பந்து விழுவதில்லை, வெயிலும் விழுவதில்லை. பின்னேரங்களில் பிள்ளைகள் ரோட்டோரத்தில் நிற்கிறார்கள், லொறி வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறார்கள். கோல் கம்பங்களைப் பையன்கள் பிடுங்கி ஒரு லொறியில் ஏற்றி, யாரோ இரங்கிக் கொடுத்த இடத்துக்கு, வத்தளைப் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கேயும் ஒரு மாதம்தான். பிறகு வேறெங்கோ.

ஆனால் சின்ன மனங்கள் மட்டும்தான் இதை இழப்பென்று சொல்லும். இந்த வருட ஆட்ட அட்டவணை வந்தபோது நாங்கள் அதிர்ந்துபோனோம். சொந்த மைதானம் இல்லாத அணிக்கு எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டம்! ஒன்றுகூட உள்ளூரில் இல்லை. பேரவை கனவிலும் கேட்டிராத வரம். உறுப்பினர் தொகை இரட்டிப்பாகியது. அலுவலருக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இந்தப் பொற்காலத்தைக் கொண்டாட வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் றிகாஸுக்குப் பொன்னாடை போர்த்துவதென்று முடிவு செய்தோம். வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான். இந்தமுறை அவனுக்குக் கதிரையே கொடுத்தோம். தூரம் அலைந்தவன் அல்லவா? சண்முகலிங்கம் அரைமணி நேரம் பேசினார். விடிவெள்ளிக்காகப் பேரவை எவ்வளவு தூரமும் போகும் என்றார். கைதட்டல் கீழ் வீதிவரை கேட்டிருக்கும். றிகாஸ் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

வருகிற விருந்தினர் ஒவ்வொருவரிடமும் பொதுச் செயலாளர் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது யாப்பு. நான் பேனாவோடு அவனிடம் போனேன்.

"தம்பி, எங்கையிருந்து வாறீர்?"

அவன் என்னைப் பார்த்தான். தலைவரைப் பார்த்தான். ஹாஜியாரைப் பார்த்தான், ஹாஜியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த எடத்தத்தானே அண்ணன்," என்றான் மெதுவாக, "நீங்க எல்லாரும் சேந்து இல்லாமச் செஞ்ச."

கூட்டக் குறிப்பில் இவ்வாறு பதிந்திருக்கிறேன்: 'விருந்தினருக்குப் புறப்பட்ட இடம் என்று ஒன்று இல்லாதபடியால், தூரத்தைக் கணக்கிட முடியவில்லை.'